செட்டிநாட்டுப் பொட்டல்களில் புல்வெளியையும் காட்டுப்பூக்களையும் மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் பொட்டலையும் மந்தையையும் மேய்க்கால் புறம்போக்கையும் பழைய புல்வெளியாக மீட்பது பற்றிப் பேச்செடுத்தால், எந்த ஊரானாலும் ஒரே ஐயங்கள்தாம் எழுகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பொட்டல்ல ஏதுங்க புல்வெளி? அது சும்மா கிடக்கிற தரிசுதானே?

பங்குனி, சித்திரையில் பார்ப்பவருக்கு அது தரிசாகத்தான் தெரியும். அதே நிலத்தை ஐப்பசி மழை இரண்டு முறை நனைத்த பிறகு குனிந்து பார்க்க வேண்டும். சரளை மண்ணில் ஊசிப்புல், துடைப்பம்புல், காக்காய்க்கால்புல், அருகு ஆகியவை எழுந்திருக்கும். அவற்றின் இடைவெளிகளில் விஷ்ணுகிரந்தியின் நீலமும் ஓரிதழ்தாமரையின் ஊதாவும் தெரியும். இந்தப் புற்களின் உயிர் பெரும்பாலும் மண்ணுக்குக் கீழே இருப்பதால், கோடையில் மேலே ஒன்றும் இல்லாததுபோல் தோன்றுகிறது.

தரிசு என்ற பெயர் வருவாய்க் கணக்கிலிருந்து வந்தது. சாகுபடி இல்லாத, வரி தராத நிலத்தையெல்லாம் ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகள் வீண்நிலம் என்ற ஒரே தலைப்பில் அடக்கின. அந்தப் பெயரே பின்னால் இத்தகைய நிலங்களில் தைலமரம் நடவும் மண் அள்ளவும் குப்பை கொட்டவும் போதிய காரணமாகிவிட்டது. ஒரு செடியும் அழிந்துவிடவில்லை என்ற நினைப்பிலேயே நாம் பல செடிகளை இழந்திருக்கிறோம்.

இந்தச் சரளைக் காட்டுல அப்படி என்ன அரிய பூ இருக்கு?

முதலில் சிவனார்வேம்பைச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் அவுரி இனச் செடி இது. முழங்கால் உயரம்கூட வராது. பொடிப்பொடியான இலைகளுக்கு நடுவே, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற சிவந்த பூக்களை விடும். சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்குப் பயன்படுவதால் வேரோடு பிடுங்கப்படுகிறது. நிலப்பனை தென்னங்கன்றைப் போன்ற இலைகளுக்கு அடியில், தரையை ஒட்டியே ஆறு இதழ் கொண்ட மஞ்சள் பூவை மலர்த்தும். அதன் கிழங்குக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் எப்போதும் தேவை உண்டு.

நரிவெங்காயம் வேறு வகையானது. அது இலையே இல்லாமல் வறண்ட தரையிலிருந்து ஒற்றைத் தண்டை நீட்டிப் பூத்துவிட்டு, மழை வந்த பிறகுதான் இலை விடும். கள்ளிமுளையான் சதைப்பற்றுள்ள நாற்கோணத் தண்டாகப் புதர் ஓரங்களில் நிற்கும். ஆடு மேய்ப்பவர்கள் பசிக்குத் தின்ற இந்தச் செடி, இப்போது உடல் எடையைக் குறைக்கும் மருந்துகளுக்காகத் தேடித்தேடிச் சேகரிக்கப்படுகிறது. இவற்றில் சில வேறு மாவட்டங்களில் இன்னும் தாராளமாக இருக்கலாம். ஆனால் விதை அதிக தூரம் போகாத செடி ஓர் ஊரில் அற்றுப்போனால், அது தானாக அந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை. ஆகையால் ஒவ்வோர் ஊரின் இழப்பையும் தனி இழப்பாகவே நான் கருதுகிறேன்.

சீமைக்கருவை கெடுதல்னு தெரியும். புல்லுக்குப் புல் எப்படி எதிரியாகும்?

நம் பொட்டல் புற்கள் பெரும்பாலும் குத்துக்குத்தாக, இடைவெளி விட்டு வளர்பவை. அந்த இடைவெளிதான் பூச்செடிகளின் வீடு. விஷ்ணுகிரந்தி போன்ற படரும் செடிக்குத் தரை வரைக்கும் வெயில் இறங்க வேண்டும். கால்நடைத் தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் புற்களான கினியாவும் தீனாநாத்தும் வரப்பையும் தோப்பையும் தாண்டி வெளியே வந்தால், அந்த இடைவெளியை முதலில் அடைத்துவிடுகின்றன. கினியா புல் ஆள் உயரத்துக்கு மேலும் வளரும்; மர நிழலிலும் வரும்; ஆண்டுதோறும் விதையைக் கொட்டும். அதன் அடியில் காய்ந்த தாள்கள் மெத்தையாகச் சேர்ந்துவிட்டால், கீழே விழும் காட்டுப்பூ விதை மண்ணைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது கெடுதல் தீ. உயரமாகவும் அடர்த்தியாகவும் காய்ந்து நிற்கும் இந்தப் புல் பற்றிக்கொண்டால், குட்டையான நம் புல்லைவிடப் பல மடங்கு கடுமையாக எரியும். எரிந்த இடத்தில் முதலில் தளிர்ப்பதும் அதுவே.

வந்த புல் எது, நம்ம புல் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கதிர் விட்ட பிறகு பாருங்கள். இலையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கினியா புல்லின் கதிர் விரிந்த கொத்தாக இருக்கும். அதன் அடிக்கிளைகள் ஒரே கணுவிலிருந்து வட்டமாகப் பிரியும். தீனாநாத் புல்லின் கதிர் மென்மயிர் அடர்ந்து, பஞ்சு போலவும் பல சமயம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

ஊசிப்புல்லை எவரும் மறக்க முடியாது. வேட்டி ஓரத்திலும் சேலைத் தலைப்பிலும் கூர்விதைகள் ஏறிக்கொள்ளும். ஒரு விதையை எடுத்து ஈரமான உள்ளங்கையில் வைத்தால், அதன் நீண்ட கரிய வால் முறுக்கவிழ்ந்து மெல்லச் சுழலத் தொடங்கும். ஈரத்தில் அவிழ்வதும் காய்ந்தால் மீண்டும் முறுகுவதுமாக, அந்த விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகி இறக்கிக்கொள்கிறது. மேலே தீ ஓடினாலும் அது பிழைப்பதற்கு இந்த வால்தான் காரணம். ஐயம் தீராத புல்லைப் பிடுங்காமல், ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, கதிர் விடும் வரை காத்திருப்பது நல்லது.

ஜேசிபி வச்சு ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடலாமே, எதுக்கு இவ்வளவு பாடு?

சீமைக்கருவை மட்டுமே அடர்ந்து, அடியில் வேறொன்றும் இல்லாத இடத்தில் இயந்திரம் பயன்படுத்துவதில் தவறில்லை. அங்கும் வேர்க்கழுத்தோடு மரத்தைப் பெயர்த்தெடுக்க வேண்டும். நிலத்தைச் சுரண்டிச் சமப்படுத்தக் கூடாது. அடிமரத்தில் தரைக்குக் கீழே அரையடி முதல் ஓரடி ஆழம் வரை மொட்டுகள் உறங்குவதால், மட்டமாக வெட்டினால் ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துத் தண்டுகள் எழும்.

புல்லும் பூச்செடியும் சிறிதளவு மிஞ்சியிருக்கும் பொட்டலில் இயந்திரத்தை இறக்கவே கூடாது. நம் மண்ணில் விதையும் கிழங்கும் நுண்ணுயிரும் மேலே உள்ள சில அங்குலங்களில்தான் இருக்கின்றன. கீழே செம்புராங்கல் படுகை. அந்த மேல்மண்ணை ஒருமுறை வழித்தெடுத்தால், அதில் முதலில் ஏறுவது பார்த்தீனியமும் கருவைக் கன்றும். ஆள் வைத்து, மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் குத்துக்குத்தாக எடுப்பதே சரியான வழி. கினியா குத்துகளைப் பூப்பதற்கு முன்னால் தூரோடு பெயர்த்து, வேர் மேலே தெரியும்படி வெயிலில் கவிழ்த்துப் போட வேண்டும். பூத்துவிட்டிருந்தால் கதிர்களை முதலில் அறுத்துச் சாக்கில் கட்டி அகற்றிய பிறகே தூரில் கை வைக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பிடுங்குபவர்கள் கையுறை அணிவது கட்டாயம். தோல் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் உண்டாகும்.

களைக்கொல்லி அடிச்சா வேலை சுளுவா முடியாதா?

கிளைபோசேட் போன்ற மருந்துக்கு வந்த புல், சொந்தப் புல் என்ற வேறுபாடு தெரியாது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசும் அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஊருணிக்கு மழைநீர் வரும் வழியில் இருக்கும் நிலத்தில் அதை அடிக்கும் பேச்சே வேண்டாம். அடிமரத்தில் உப்பைக் கொட்டுவதும் மண்ணையே கெடுக்கும் வேலை.

கருவையை எடுத்த இடத்துல நல்லா எரு போட்டு விதைக்கலாமா?

கூடாது. வயலில் வழிவழியாகக் கற்ற பாடத்துக்கு இது நேர்மாறாக இருப்பதால், ஏற்றுக்கொள்ளப் பலருக்கும் தயக்கம் வருகிறது. பொட்டலின் பூச்செடிகள் சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகியவை. சத்து கூடினால் அதை வேகமாக உண்டு வளர்வது கினியாவும் பார்த்தீனியமும்தான்; குட்டைச் செடிகள் அவற்றின் நிழலில் மடிந்துவிடும். அழுகண்ணி என்ற பூச்சியுண்ணும் செடியை நினைத்துப் பாருங்கள். மண்ணில் கிடைக்காத சத்தைத் தன் பசைத்துளிகளில் ஒட்டும் சிறு பூச்சிகளிடமிருந்து பெறும் அளவுக்கு, வறிய மண்ணோடு அது பொருந்தியிருக்கிறது.

சீமைக்கருவை வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் மரம். எனவே அது நின்ற இடத்தில் சத்து ஏற்கெனவே மிகுந்திருக்கும். வெட்டிய கிளைகளையும் இலைகளையும் அங்கேயே மட்க விடாமல் வெளியேற்றுங்கள். முதல் இரண்டு மழைக்காலங்களில் முளைக்கும் களையை அறுத்து, அதையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டினால், மண் தன் பழைய வறுமைக்கு மெல்லத் திரும்பும்.

விதைக்கு எங்க போறது? கடையில கிடைக்குமா?

தீவனப்புல் விதைதான் கடையில் கிடைக்கும். நமக்கு அது வேண்டாம். பக்கத்து ஊர்ப் பொட்டலும் அய்யனார் கோயில் முன்வெளியுமே நம் விதைக்களஞ்சியம். மார்கழியிலும் தையிலும் புற்கள் முற்றும். கதிரைக் கையால் உருவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளதை முழுவதும் உருவாமல், பெரும்பகுதியை அந்த நிலத்துக்கே விட்டுவிடுங்கள். ஊசிப்புல் போன்றவற்றின் புது விதை உடனே முளைக்காது. சில மாதங்கள் உறங்கும். தையில் எடுத்ததைப் புரட்டாசியில் விதைப்பது அதனால்தான் பொருந்துகிறது.

விதையை மணலோடு கலந்து, முள்கிளையால் லேசாகக் கீறிய தரையில் தூவி, மேலே நடந்து அழுத்திவிட்டால் போதும். ஆழ உழக் கூடாது. இதைவிட எளிய வழியும் உண்டு. நல்ல பொட்டலில் விதை முற்றும் சமயத்தில் புல்லைப் பூச்செடிகளோடு சேர்த்து அறுத்து, அந்தத் தாளை மீட்க வேண்டிய நிலத்தில் மெல்லியதாகப் பரப்பினால், நாம் பெயர் அறியாத செடிகளின் விதையும் கூடவே வந்து சேரும். சிவனார்வேம்பு, செப்புநெருஞ்சில் போன்ற அவரைக் குடும்ப விதைகளின் தோல் கடினமானது. மணலில் தேய்த்துவிட்டு விதையுங்கள். நரிவெங்காயத்தையும் நிலப்பனையையும் நல்ல இடத்திலிருந்து தோண்டி வராதீர்கள். வீடோ சாலையோ வரப்போவது உறுதியான மனையிலிருந்து மட்டும் கிழங்கைப் பெயர்த்து நடலாம்.

அப்ப ஆடு மாட்டையெல்லாம் நிறுத்தணுமா? கீதாரிமார் எங்கே போவாங்க?

நிறுத்தினால் காரியமே கெட்டுவிடும். பல ஆண்டுகள் முற்றிலும் அடைத்த புல்வெளியில், நம் சொந்த உயரப் புல்லே அடர்ந்து குட்டைப் பூச்செடிகளை மூடிவிடும். இந்த வெளிகள் ஆடுமாடுகளோடு சேர்ந்தே நிலைத்தவை. சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளத்தின் பெயரைத் தாங்கிய மாட்டினமும் மேய்ச்சலிலேயே வளர்ந்து வந்த இனம்தான்.

காலம் வகுப்பதுதான் முக்கியம். புரட்டாசி மழை தொடங்கியதிலிருந்து தை நடுப்பகுதி வரை, பூத்து விதை உதிரும் வரைக்கும், மீட்கும் பகுதியை ஓய்வாக விட வேண்டும். அதன் பிறகு மேய்ச்சலுக்குத் திறக்க வேண்டும். ஊர்ப் பொட்டலை இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றாக ஓய்வு கொடுத்தால் மேய்ப்பவர்களுக்கும் முட்டுப்பாடு வராது. இரவில் மந்தையை அடைக்கும் கிடையைப் புல்வெளியில் போடாமல் வயலில் போடச் சொல்லுங்கள். காரணத்தை எருவைப் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். கருவை நெற்று தின்ற மந்தையை நேராக மீட்ட நிலத்துக்குள் விடவும் கூடாது, ஏனென்றால் அந்த விதை குடலைக் கடந்து புழுக்கையோடு முளைப்புத் திறன் குன்றாமல் விழும். ஒரு வாரம் வேறிடத்தில் மேய்ந்துவிட்டு வந்தால் போதும். இந்தத் திட்டங்களை, கிடை ஆடு மேய்க்கும் கீதாரிகளை உட்கார வைத்துப் பேசித்தான் வகுக்க வேண்டும். எந்தப் புல் எந்த மாதம் எழும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் ஊரில் இல்லை.

தீ வச்சா புல் நல்லாத் தளிர்க்கும்னு எங்க அப்பத்தா சொல்லும். உண்மையா?

அப்பத்தா பார்த்த புல்வெளியில் அது பெருமளவு உண்மையாக இருந்திருக்கும். இன்று பொட்டலின் ஓரத்தில் கினியாவோ தீனாநாத்தோ நின்றால், அந்தத் தீ அவற்றுக்கே பயன்படும். கள்ளிமுளையானும் தரையில் கூடு கட்டும் கௌதாரியும் வானம்பாடியும் அதில் அழியும். ஆகவே தீ வைக்காதீர்கள். அறுப்பும் மேய்ச்சலும் அந்த வேலையைச் செய்யும்.

வெளிநாட்டுல இருக்கிற பங்காளிக ஊருக்கு மரம் நடப் பணம் அனுப்புறாக. குறுங்காடு வச்சா புண்ணியம்தானே?

அவர்களின் நோக்கம் உயர்ந்தது, இடம்தான் தவறிவிடுகிறது. வெயில் விரும்பும் செடிகள் வாழும் பொட்டலில் நெருக்கி மரம் நட்டால், ஐந்தாறு ஆண்டுகளில் அங்கிருந்த பூக்களும் அவற்றை நம்பிய பட்டாம்பூச்சிகளும் வானம்பாடிகளும் போய்விடும். அது காட்டை அழித்துக் கட்டடம் கட்டுவதைப் போன்ற இழப்புதான். பச்சையாகத் தெரிவதால் யாரும் வருந்துவதில்லை.

மரத்துக்கு உரிய இடங்கள் செட்டிநாட்டில் நிறையவே இருக்கின்றன. ஊருணிக் கரை, கண்மாய்க் கரை, சாலையோரம், பள்ளி வளாகம், இடிந்த வீட்டு மனைகள் ஆகியவை மருதுக்கும் நாவலுக்கும் இலுப்பைக்கும் ஏற்றவை. அனுப்பப்படும் பணத்தில் ஒரு பகுதியைக் கருவை வேரெடுக்கவும், பொட்டலைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கூலி கொடுக்கவும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். திறப்பு விழாப் படம் எடுக்க முடியாத செலவு என்பதால் இதற்குப் பணம் பெறுவது கடினம். ஆயினும் பொறுமையாக விளக்கினால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

புல்லுக்கும் எங்க ஊருணிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஊருணியை நிரப்புவது சுற்றியுள்ள மேட்டுப் பொட்டலிலிருந்து வரத்துக்கால் வழியே இறங்கும் மழைநீர். தரை வெறுமையாக இருந்தால் அந்த நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு வந்து ஊருணியைத் தூர்க்கும். கருவை அடர்ந்தால் வரத்துக்காலே அடைபடும். குட்டைப் புல் மூடிய சரளைத் தரையில் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்வதால், தெளிந்த நீர் வந்து சேரும். தூர்வாருவதற்குச் செலவழிக்கும் ஊர், வரத்துப் பகுதிக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

எங்களுது மஞ்சுவிரட்டுப் பொட்டல். தையில ஊரே மிதிக்குமே, அங்கேயும் செய்யலாமா?

செய்யலாம். மஞ்சுவிரட்டு நடக்கும் தை மாதத்துக்குள் பெரும்பாலான புல் விதை உதிர்த்திருக்கும். காலடியும் குளம்பும் அந்த விதையை மண்ணில் அழுத்தவே செய்யும். சிராவயல் போன்ற ஊர்களில் பெரிய வெளிகள் வீட்டுமனையாகாமல் இன்னும் திறந்து கிடப்பதற்கு இந்த விழாக்கள் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. கேடு வருவது விழாவுக்கு முன்னால் தரையைச் சுரண்டிச் சமன் செய்வதாலும், வாகனங்களைக் கண்ட இடத்தில் நிறுத்துவதாலும்தான். வண்டிக்கு ஓர் ஓரத்தைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டால் போதும்.

இது புறம்போக்கு நிலம். யாரைக் கேட்டுச் செய்யணும்?

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால், ஊராட்சியின் ஒப்புதலோடும் வட்டாட்சியருக்குத் தெரிவித்தும் செய்வது முறை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினால் மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்கலாம். பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கு மீட்டுத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பும், அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கையும் உங்களுக்குத் துணை நிற்கும்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஊரக வேலைத் திட்ட ஆட்கள் வந்தால், எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று முதல் நாளே அந்த நிலத்தில் நின்று காட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காலைப்பொழுதில் பூச்செடியும் புல்லும் சேர்ந்தே வழிக்கப்பட்டுவிடும்.

கருவையை எல்லாம் எடுத்துட்டா கரிமூட்டம் போடுறவங்க பிழைப்பு என்னாகும்?

நியாயமான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரத்தை நம்பி இன்று எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. மாவட்டம் முழுவதும் ஒரே மூச்சில் அதை ஒழிப்பது நடைமுறையில் இயலாது. அதை நான் வற்புறுத்தவும் இல்லை. பூச்செடிகள் மிஞ்சியிருக்கும் பொட்டல்களிலிருந்து மட்டும் முதலில் அகற்ற வேண்டும். அங்கே வெட்டும் உரிமையை மூட்டக்காரர்களுக்கே கொடுத்து, வேர்க்கட்டையையும் தோண்டி எடுப்பதை நிபந்தனையாக்கலாம். வேர்க்கட்டையிலும் நல்ல கரி கிடைக்கும் என்பதால் அவர்களுக்கு இது இழப்பாகாது.

கொழுக்கட்டைப்புல் நம்ம புல்தானே? அதையே முழுக்க விதைச்சா சீக்கிரம் மூடிடுமே?

கொழுக்கட்டைப்புல் நமக்கு உரியதுதான். ஆடுமாடுகளுக்கும் மிகப் பிடித்தது. அதே புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்திலும் தீவனத்துக்காக விதைக்கப்பட்டு, அங்குள்ள செடிகளை அழிக்கும் ஆக்கிரமிப்புப் புல்லாக மாறியிருக்கிறது. கினியா இங்கே செய்வதை நம் புல் அங்கே செய்கிறது. ஒரே புல்லை நெருக்கி விதைத்தால், அது எந்த மண்ணுக்குச் சொந்தமானாலும் பூச்செடிக்கு இடைவெளி கிடைக்காது. விதைக் கலவையில் அதைச் சிறிதளவே சேர்த்து, குட்டைப் புற்களை மிகுதியாகச் சேருங்கள்.

தீவனம்தான் உங்கள் தேவை என்றால், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைத் தோட்டத்தில் கரணை நட்டு வளர்க்கலாம். அது முளைக்கும் விதை தராததால் பொட்டலுக்குத் தப்பி வராது.

எத்தனை வருஷத்துல பழையபடி ஆகும்?

புல் இரண்டு மூன்று மழைக்காலங்களில் மூடிவிடும். பூச்செடிகளின் முழுத் தொகுதி திரும்பப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கிழங்குச் செடிகள் இன்னும் மெதுவாகவே வரும். கருவை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கன்றுகளை இரண்டு விரலால் பிடுங்கும் பருவத்திலேயே எடுத்துவிட வேண்டும். ஓர் ஆண்டு விட்டுவிட்டால் கடப்பாரை தேவைப்படும். இதனால்தான், கெட்டுப்போன பத்து ஏக்கரை மீட்பதற்கு முன்னால், உழப்படாமல் மிஞ்சியிருக்கும் அரை ஏக்கரைக் காப்பாற்றுங்கள் என்று எல்லா ஊர்களிலும் சொல்லி வருகிறேன். விதையும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

அரிய செடி ஒண்ணைப் பார்த்தா என்ன செய்யணும்? படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பலாமா?

படம் எடுங்கள்: பூ, இலையின் இரு பக்கம், முழுச் செடி, சுற்றியுள்ள தரை. தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நிலப்பனை, சிவனார்வேம்பு, கள்ளிமுளையான் போன்று சந்தை மதிப்புள்ள செடியானால், சரியான இடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். சேகரிப்பவர்கள் சாக்கோடு வந்துவிடுவார்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

அடையாளம் உறுதிப்பட வேண்டுமானால், திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் ராப்பினாட் உலர்தாவரகமும், கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையமும் இதற்கான நிறுவனங்கள். பூவுள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாள் மடிப்புக்குள் அழுத்தி உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு செடிதான் இருந்தால் கிளையையும் ஒடிக்காமல், படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.